ஒரு சோடி போதும்

காலணியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். வள்ளுவனும் கம்பனும் வீற்றிருக்கும் மன்ற மலரில் செருப்புக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். பதினான்கு ஆண்டுகள் அயோத்தியின் அரியணையில் வீற்றிருந்தது எது என்று அவர்களை நான் திருப்பிக் கேட்பேன். அது நிற்க. நான் சொல்ல வந்தது சிறிய செய்தி. ஆனால் அதனால் ஒரு நண்பனை இழந்தேன். ஆதலின் சொல்லியே ஆக வேண்டும்.

விடுதி நண்பர்கள் சிலர் மாலை வேளைகளில் 'டிஸ்க் கோல்ஃப்' ஆடி வருகிறோம். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை மட்டையால் அடித்துக் குழியில் வீழ்த்துவர். இதிலோ பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவனே வென்றவன். 1970களில் அமெரிக்கரான எட் ஹெட்ரிக் அந்தக் கூடையை அமைத்துத் தரும் வரை, அங்கும் மரங்களும் விளக்குக் கம்பங்களுமே இலக்குகளாக இருந்தன. எங்களிடம் இன்றும் கூடை இல்லை, மரங்கள் உண்டு. விடுமுறையில் பாறசாலைக்குப் போனால் ஊர் ரப்பர்த் தோட்டமே எங்கள் ஆடுகளம். ஆட்டம் முடிந்ததும் உடற்பயிற்சிக் கூடத்தில் பஸ்கியும் பாரந்தூக்கலும் நடைபெறும்.

ஒரு நாள் முதலாண்டு மாணவன் ஒருவன் வந்தான். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஒரு சிற்றூர். எங்களைப் போலவே வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். காலில் ரப்பர்ச் செருப்பு. முதல் வீச்சிலேயே தட்டை எங்களைவிடத் தொலைவில் கொண்டுபோய்ச் சேர்த்தான். நான் அவனைப் பாராட்டியிருக்க வேண்டும். பாராட்டவில்லை. "நாளைக்கு ஷூ போட்டுட்டு வா தம்பி. இதுக்கு ஒண்ணு, ஜிம்முக்கு ஒண்ணு வேணும்" என்றேன். "சரி அண்ணா" என்று தலையசைத்துப் போனவன் மறுநாள் வரவில்லை. அதன் பின்னும் வரவில்லை. அவன் தந்தை ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி என்றும், மழைக்காலத்தில் பல நாள் வெட்டு இராது என்றும் பிறகு அறிந்தேன். நான் கேட்டது இரண்டு சோடி. அவனிடம் ஒன்றும் இல்லை.

நண்பர்களே, எங்கள் எல்லைப்புற மண்ணில் செருப்பு என்பது எளிய சொல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் முதலான பல குலத்தார்க்குக் குடை பிடிக்கவும் காலில் செருப்பணியவும் தடை இருந்தது. பொதுச்சாலையில் நடப்பதற்கே தடையுற்றவர்களும் இருந்தனர். அந்தச் சாலையில்தான் 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறி வந்தார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நடுவே விழுந்தது. செருப்பின்றி நடந்த பாட்டனாரின் நினைவோ இரு பக்கமும் ஒன்றுதான். சட்டமும் சாதியும் விதித்த தடை போயிற்று. அதன் இடத்தில், 'ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று' என்று கடைக்காரனின் பட்டியலைக் கொண்டு நாமே ஒரு தடையை நிறுத்தலாமா?

அப்படியானால் வெறுங்காலே போதுமா என்பீர்கள். வெறுங்கால் இகழத்தக்கது அன்று. 1992இல் ராவ், ஜோசப் என்னும் இந்திய மருத்துவர் இருவர் 2,300 சிறுவர் சிறுமியரின் பாதத் தடங்களை ஆராய்ந்து, காலணி அணிந்து வளர்ந்தவர்களிடையே தட்டைப் பாதம் மிகுதி என்று கண்டனர். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி உலகை வியக்க வைத்தார். அவரே 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடினார். முன்னைவிட மூன்று நிமிடம் விரைவாகவே ஓடி மீண்டும் வென்றார். காலுக்குப் பொருந்தினால் காலணி துணை, பொருந்தாவிட்டால் சுமை. இதுவே நான் கண்ட பாடம். ரப்பர்த் தோட்டத்துச் சருகுக்குள் முள்ளும் சிரட்டைத் துண்டும் பாம்பும் கிடக்கும். கூடத்திலோ இரும்புத் தகடு காலில் விழலாம். ஆகவே காலணி வேண்டும். ஆனால் ஒன்று போதும்.

எதை வாங்குவது? முதலில் நான் ஏமாந்த கதை. பெயர் பெற்ற கடை ஒன்றில், பஞ்சு போன்ற தடித்த அடிப்பாகமுடைய ஓட்டக் காலணியைப் பளபளப்பில் மயங்கி வாங்கினேன். நேராக ஓடுவதற்கு அது நன்றே. ஆனால் பாரத்தைத் தோளில் ஏற்றி உட்கார்ந்தெழும்போது குதிகாலின் கீழ் மெத்தை அமுங்கி உடல் ஆடியது. தட்டை வீசிச் சுழன்றபோது, உயர்ந்த அடிப்பாகம் ஒருபுறம் சாய்ந்து கணுக்கால் பிசகிற்று. மூன்று வாரம் நொண்டினேன். குற்றம் காலணியினுடையது அன்று. வேறு வேலைக்குச் செய்ததை நான் இந்த வேலைக்கு வாங்கினேன். ஆணி பதித்த பந்தாட்டக் காலணியும் ஆகாது. ஈரப்புல்லில் அது பிடிக்கும். கூடத்துத் தரையில் கால் வைக்க விடமாட்டார்கள்.

இரு வேலைக்கும் பொதுவான தேவை என்ன என்று பாருங்கள். பாரம் தூக்க, அடிப்பாகம் தாழ்வாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தட்டு வீச, பாதம் பக்கவாட்டில் வழுக்காதபடி மேற்பகுதி இறுகப் பிடிக்க வேண்டும். தாழ்ந்த அடிப்பாகம் அதற்கும் உதவுகிறது. ஆகவே மலைப்பாதையில் ஓடுவோர்க்கென்று செய்யப்படும் காலணிகளுள், மெத்தை குறைந்ததும் அடியிலுள்ள ரப்பர்க் குமிழ்கள் குட்டையாக இருப்பதுமான ஒன்றே நமக்கு ஏற்றது என்பது என் கருத்து. குமிழ்கள் நீண்டிருந்தால் வேறொரு தீமை உண்டு. வீசும்போது முன்காலை ஊன்றி உடல் சுழல்கிறது; அந்தக் காலும் குதியில் சுழல வேண்டும். மண்ணை விடாப்பிடியாகப் பற்றும் காலணி அதைத் தடுத்தால், முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போய்ச் சேரும். பின்காலின் விரல்நுனி மண்ணில் இழுபடுவதால், முன்முனையில் ரப்பர்க் காப்பு இருப்பதும் நலம். இல்லையேல் முதலில் கிழிவது அந்த இடம்தான்.

எங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நனைந்த செம்மண் எண்ணெய் தடவிய பலகைபோல் வழுக்கும். தண்ணீர் புகாக் காலணி என்று விலை கூட்டிச் சொல்வார்கள். மேல்வழியே புகுந்த நீர் அதில் வெளியேற வழியின்றித் தேங்கும். வலைத்துணி வைத்ததே விரைவில் காயும்.

கடையில் செய்ய வேண்டியவை சில. மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்றுப் பெருத்திருக்கும். வழக்கமாக அணியும் காலுறையோடு இரு கால்களிலும் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நமக்கு முன்பாதம் அகன்றிருக்கும். குறுகிய முனையுள்ளதை எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். காலணியை மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். குதிப்பகுதியைக் கையால் அழுத்தினால் எளிதில் நசுங்கக் கூடாது. விலைச்சீட்டையும் விளம்பரத்தையும் கடைசியில் பாருங்கள்.

இரண்டாம் முறை வாங்கப் புறப்பட்டபோது என் தாயார், "மக்களே, ஒண்ணு வாங்கினாலும் காலுக்கு ஒத்தது வாங்கு, ஊருக்கு ஒத்தது வேண்டாம்" என்றார்கள். களியக்காவிளைக் கடைத்தெருவில் மேற்சொன்னவாறு தேடி வாங்கினேன். ஆட்டத்திலும் கூடத்திலும் அந்த ஒரு சோடியே இன்றும் உழைக்கிறது. கூடத்துக்குள் நுழையுமுன் சேற்றைக் கழுவித் துடைக்கிறேன், அவ்வளவே. ஓட்டப் பந்தயத்தையே குறிக்கோளாகக் கொண்டவனுக்கு இது போதாது என்பதை ஒப்புகிறேன். அவன் தனியே வாங்கட்டும். நம்மில் பெரும்பாலோர் அத்தகையோர் அல்லர்.

முடிவாக ஒரு வேண்டுகோள். புதிதாய் வருபவனின் கையைப் பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள். முதல் நாளில் அவன் எந்தக் காலோடு வந்தாலும் ஆட விடுங்கள். புல்தரையில் நின்றபடி வீசச் சொன்னால் ஆபத்தொன்றும் இல்லை. ஆசை வேரூன்றிய பின், ஒரு சோடி எப்படித் தேர்வது என்று உடன் போய்க் காட்டுங்கள். அளவு ஒத்தால் நம்முடையதை ஒரு மாலை இரவலாகக் கொடுப்பதிலும் இழுக்கில்லை.

நான் அந்தத் தம்பியின் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். "பரவாயில்லை அண்ணா, படிப்பு இருக்கு" என்றான். அது உண்மைக் காரணம் அன்று என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் காலணி அவனுக்கு அரை அளவு பெரிது. முன்னால் சிறிது பஞ்சு வைத்தால் ஒரு மாலைக்குத் தாங்கும். வெள்ளிக்கிழமை மீண்டும் போய் அழைக்கப் போகிறேன்.