குளக்கட்டில் ஐந்து நிமிசம்

பொலன்னறுவைக்குச் சுற்றுலா போகிற பஸ்கள் பராக்கிரம சமுத்திரத்தைக் கடைசிக்குத்தான் வைக்கும். அரண்மனை, வட்டதாகே, கல் விகாரை எண்டு பகல் முழுக்க வெயிலில் நடந்து களைத்த ஆக்களை, பொழுதுபடுகிற நேரம் குளக்கட்டில் இறக்கி விடுவார்கள். "ஐஞ்சு நிமிசம்தான். போட்டோ எடுத்திட்டுக் கெதியா வாங்கோ!"

கட்டு கிழக்கே, தண்ணீர் மேற்கே. தூரத்து மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்க, சிவப்பு நிறம் தண்ணீர் மேலால் எங்கட கால்வரைக்கும் வரும். அழகுதான், இல்லையெண்டு சொல்லேலாது.

நாங்கள் போன பஸ்ஸில் காலையிலிருந்து ஒரே சண்டை: இது யாற்ற ஊர்? ஒரு பக்கம், 11ஆம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் எழுந்த வானவன் மாதேவி ஈச்சரத்தைக் காட்டியது. மற்றப் பக்கம், 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரமபாகுவை இழுத்தது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டு பக்கமும் அரசர்களைப் பற்றி மட்டும்தான் கதைத்தது. மண் சுமந்தவையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை (நானும்தான்).

அந்திப் படத்தைப் போட்டு 'பழமையான குளம்' எண்டு எழுதுகிறோமே, அதுவும் பாதிதான் சரி. அரசன் வெறும் நிலத்தில் புதிதாக வெட்டியதில்லை. ஏற்கெனவே இருந்த குளங்களைப் பெருப்பித்து ஒன்றாக இணைத்தான். பிறகு தலைநகரம் கைவிடப்பட, குளமும் பாழாகி நூற்றாண்டுக் கணக்கில் காடு மூடிக் கிடந்தது. இண்டைக்கு நாங்கள் பார்க்கிற நிறைந்த தண்ணீர், 20ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியதால் வந்தது. அங்கமெடில்லவில் மறிக்கிற அம்பன் கங்கைத் தண்ணீர் கால்வாய் வழியே இங்கே வந்து, வயலுக்குப் போகிறது.

அந்தப் பழைய நகரத்தில் மற்றதெல்லாம் இடிபாடு. கூரையில்லாத அரண்மனையில் ஒருத்தரும் குடியிருக்கவில்லை. குளம் மட்டும் இன்னும் தன்ர வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதைப் போய் நாளின் கடைசி ஐந்து நிமிசத்துக்கு ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பஸ்ஸை முதலில் குளத்தடியில் நிப்பாட்டுங்கோ. துருசைக் காட்டுங்கோ, அதிலிருந்து பிரிகிற வாய்க்காலோரம் கொஞ்சத் தூரம் நடத்திக்கொண்டு போங்கோ. வயலில் நிக்கிற ஆரிடமாவது, இந்தப் போகத்துக்குத் தண்ணி எப்ப திறந்தவை எண்டு பிள்ளைகளையே கேக்க விடுங்கோ. சிங்களம் தெரியாட்டி, தெரிஞ்ச ஒராளைப் பக்கத்தில் வைச்சுக் கேக்கலாம். அரண்மனைக்குப் பிறகு போகலாம்.

சூரியன் எப்படியும் பின்னேரம்தான் விழும். அதுக்குத் திரும்பி வர நேரமிருக்கு.