உச்சமுனைக்கு ஒரு பொறியியலாளர்

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறு புறம் புத்தளம் களப்பும் சூழ்ந்து நிற்கும் மணற்றிடல் உச்சமுனை. கற்பிட்டியிலிருந்து படகேறியே மக்கள் அங்கு போய்வருகின்றனர். மீன்பிடித்து வாழும் அம்மக்களுக்கு வேண்டுவன யாவை? நல்ல குடிநீர், உறுதியான இறங்குதுறை, கரையரிப்பினின்றும் காப்பு. இம்மூன்றும் குடிசார் பொறியியலின் பாற்பட்டவை.

இத்துறையில் பட்டம் பெற்றோர் நம்மிடையே இல்லையா? இருக்கின்றனர். 1950 இல் கொழும்பில் தொடங்கிய பொறியியற் பீடம் 1964 இல் பேராதனைக்குச் சென்றது. பின்னர் மொறட்டுவை, காலி, ஒலுவில், கிளிநொச்சி எனக் கல்விக்கூடங்கள் பெருகின. ஆயினும், 2022 இன் பொருளாதார வீழ்ச்சியால் அரசாங்கக் கட்டுமான வேலைகள் நின்றுபோயின. இளைஞர் பலர் கடல் கடந்தனர். அவர்களை நாம் பழிக்கவில்லை. வேலையற்றவனிடம் நாட்டுப்பற்றைப் போதித்தல் நேர்மையாகாது. 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையின் வழியாக நமது பொறியியற் பட்டங்களுக்கு உலக மதிப்பும் கிடைத்துள்ளது. வெளிவாயில் திறந்திருக்கின்றது, உள்வாயில் திறந்திருக்கின்றதா என்பதே எமது கேள்வி.

அரச திணைக்களம், அல்லது ஒப்பந்தக் கம்பனி: இவ்விரு வழிகளையே நமது இளைஞர் அறிவர். மூன்றாவது வழியைக் கற்பிட்டித் தோட்டக்காரரிடம் கேட்டறியலாம். அம்மணலின் கீழ் மழைநீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். தோட்டத்திலிடும் உரமோ மணலூடே வடிந்து குடிநீரிற் கலக்கின்றது. எவ்வளவு இறைக்கலாம், எவ்வளவு மழைநீரைத் தேக்கலாம் என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். அதே குடாநாட்டில், நுரைச்சோலையில், 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தைச் சீன நிறுவனம் கட்டித் தந்தது. பெருவேலைக்குப் பிறநாட்டார் வருவர். ஊர்க் கிணற்றை அளக்க எவர் வருவர்?

பேராசிரியர் அ. துரைராசா கேம்பிரிட்ஜில் மண்ணியக்கவியல் ஆய்ந்தவர். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட களிமண் பற்றிய ஆய்வை உலகம் இன்றும் எடுத்தாளுகின்றது. அத்தகையவர் தாய்நாடு திரும்பிப் பேராதனையில் மாணவரை உருவாக்கினார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பையும் தாங்கினார். ஊருக்கு உழைத்தமையால் அவர் புகழ் குன்றவில்லை.

ஆயினும், ஒருவரின் தியாகத்தை மட்டும் நம்பி ஓர் ஊர் வாழ இயலாது. ஆகவே நாம் வேண்டுவன மூன்று. கரையோரப் பிரதேச சபைகள் ஒவ்வொன்றிலும் குடிசார் பொறியியலாளருக்கு நிரந்தரப் பதவி வேண்டும். அங்கு ஆற்றும் சேவை, பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கு வேண்டிய அனுபவமாகத் தயக்கமின்றி ஏற்கப்படல் வேண்டும். மாணவரின் கைத்தொழிற் பயிற்சியில் ஒரு பகுதி இத்தகைய ஊர்களில் நடைபெறல் வேண்டும்.

இளைஞர்களே, உயர்ந்த மாடிகளைக் கட்டப் பலர் உளர். உவராத ஒரு கிணற்றை உச்சமுனைக்குத் தருபவரை அவ்வூர் தலைமுறைகள் தோறும் மறவாது. அந்தக் கிணற்றுக்கு வழிவிடுவது ஆட்சியாளரின் கடன். தவறின், மக்கள் அதனைத் தேர்தல் நாளில் நினைவூட்டுவர்.