ஆகாயப் படமும் அனாதைப் பள்ளங்களும்

கயத்தாற்றைச் சுற்றியுள்ள கரிசற் பூமி பார்வைக்குச் சமதளமானது. ஆயினும் இவ்வட்டாரத்தில் பாறை தலைகாட்டும் இடங்களில் எல்லாம் கல் வெட்டியிருக்கிறார்கள். சாலைக்கு ஜல்லியும் வீட்டுக்கு அஸ்திவாரமும் தந்துவிட்டு, அவ்விடங்கள் பள்ளங்களாய் நிற்கின்றன. விளிம்பில் கால் வைக்கும் வரையில் பள்ளம் இருப்பது தெரியாது. ஆடு மேய்ப்பவருக்கும், மழை நீர் தேங்கியதைக் கண்டு குளிக்கப் போகும் சிறுவருக்கும் இதனால் நேரும் அபாயத்தை விவரிக்க வேண்டியதில்லை. தரையில் மறைந்திருக்கும் இப்பள்ளங்களை ஆகாயப் படம் தெளிவாகக் காட்டும். அப்படங்களின் துணைகொண்டு, கைவிடப்பட்ட கல் குவாரிகள் அனைத்தையும் கணக்கெடுத்து, கிராமந்தோறும் ஜாபிதா வெளியிட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இது புதிய வித்தையன்று. விமானத்திலிருந்து எடுத்த படங்களால் பூர்வீக நிலச் சின்னங்களைக் கண்டறியலாம் என்பதை இங்கிலாந்தில் கிராஃபோர்டும் கீய்லரும் 1928-லேயே ஒரு நூலால் நிரூபித்தனர். நமது தேசம் 1988-ல் ஐ.ஆர்.எஸ். வரிசையின் முதல் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ-யை விண்ணில் நிலைநிறுத்தியது. 2009 முதல் இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் பொது ஜனங்களும் படங்களைப் பார்க்கலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால், ஒரு பள்ளம் எந்தக் காலத்தில் தோன்றி எவ்வளவு வளர்ந்தது என்பது விளங்கிவிடும்.

அடையாளங்களும் அறியக்கூடியவையே. கண்மாய்க்கு ஒரு புறம் வளைந்த கரை உண்டு. நீர் மறுபுறம் மேட்டை நோக்கிப் பரந்து மெலியும். கிணறு சிறியது, அதைச் சுற்றித் தோட்டம் இருக்கும். குவாரியின் ஓரங்களோ செங்குத்தாய் வெட்டுண்டு, படிப்படியாய் இறங்கி, கரிய நிழல் வீசும். அருகே கழிவுக் கற்குவியலும், வண்டிகள் போய்த் தேய்ந்த தடமும் தென்படும். நெடுநாள் கைவிடப்பட்டதாயின் விளிம்பில் சீமைக் கருவேல் மண்டியிருக்கும்.

ஆனால் படத்தை மட்டும் நம்புவது தகாது. வெயில் படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து விழுந்தால், பள்ளம் மேடாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்த்து நோக்கினால்தான் ஆழம் புலப்படும். அதன் பின்னரும் ஒருவர் நேரில் நடந்து சென்று பார்த்தே தீரவேண்டும். பாறையில் கண்ட வெட்டெல்லாம் குவாரியாகிவிடாது. அண்மையிலுள்ள கழுகுமலையில், பாண்டியர் காலத்தில் மேலிருந்து கீழாக மலையைக் குடைந்தெடுத்த வெட்டுவான் கோயிலும் கல்லில் உளி பட்ட இடந்தான்.

மத்திய சர்க்கார் 2016-ல் செயற்கைக் கோள் படங்களால் சுரங்கங்களைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினர். குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரையில் திருட்டுத்தனமாகத் தோண்டப்படுகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். திருடனைத் தேடும் கண், திக்கற்ற பள்ளத்தையும் பார்க்கலாகாதா? 2022 மே மாதம் திருநெல்வேலிக்கருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நால்வர் மாண்டனர். வேலை நடக்கும் குவாரியிலேயே இக்கதியென்றால், கேட்பாரற்ற பள்ளங்களின் காவல் யார் பொறுப்பு?

செலவைக் காட்டிச் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். பள்ளங்கள் பயனற்றவை அல்ல என்பதே அவர்களுக்கு நமது பதில். 2017-ல் சென்னை நகரம் தாகத்தால் தவித்தபோது, சிக்கராயபுரத்துக் கல் குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். வானத்தையே நம்பி வாழும் கோவில்பட்டிச் சீமைக்கு அது பெரிய பாடமாகும். எந்தப் பள்ளத்திற்கு வேலி, எதில் நீர்த் தேக்கம், எதை மூடுவது என்பதை முடிவு செய்யும் முன் எத்தனை பள்ளங்கள் உள்ளன என்பது தெரிந்தாக வேண்டும். ஜாபிதாவைக் கிராம சபையில் வாசித்து, படத்தை ஊர்ச் சாவடியில் ஒட்டி வைக்க வேண்டும். அது முடியும் வரையில் அவ்வூரில் புதிய குவாரிக்கு அனுமதி தரலாகாது.

கிஸ்தி கேட்ட கும்பினியாரைப் பணியாத கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்ட ஊர் கயத்தாறு. அன்னியர் இந்நிலத்தை வரி வாங்குவதற்காக அளந்தனர். சுயராஜ்ய சர்க்கார் அதனை ஜனங்களின் உயிரைக் காப்பதற்காக அளக்கட்டும். அடுத்த மழைக்கு முன்னரே இவ்வேலை தொடங்கப்பட வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.