படக்குறிப்புகளைத் திருத்துங்கள்

கட்டுரை ஜப்பானிய அரசவைப் பெண்களைப் பற்றியது. பக்கத்தில் அச்சாகியிருப்பதோ ஓவியர் உதமாரோ வரைந்த யோஷிவாரா கணிகை. கலைப் புத்தகங்களிலும் இதழ்களிலும் நாட்காட்டிகளிலும் தொடரும் இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

உதமாரோ இறந்தது 1806இல். அரசவை வாழ்க்கையைச் சொல்லும் கென்ஜி கதையின், எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஓவியச் சுருள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது கியோத்தோ அரண்மனை உலகம். உதமாரோ வரைந்த யோஷிவாராவோ எடோ நகரத்துக் கேளிக்கைப் பேட்டை. கொண்டையில் சீப்பும் ஊசிகளும் செருகி, இடைக்கச்சையை முன்புறம் முடிந்திருப்பவள் கணிகை. கூந்தலைத் தரைவரை புரளவிட்டு, அடுக்கடுக்காக அங்கி அணிந்திருப்பவள் அரசவைப் பெண். இதைப் பிரித்தறிய ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை.

படம் சரியாக அமைந்தாலும் விளக்கம் கோணலாகிவிடுகிறது. கென்ஜி சுருளில் அரசவைப் பெண்களின் முகத்தில் கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி. ஆகவே இவர்கள் முகமற்ற பொம்மைகள், பெண்ணை மதிக்காத காலத்தின் சாட்சி என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். அதே சுருளில் கதைநாயகன் கென்ஜிக்கும் அதே கோடு, அதே கொக்கிதான்! மேட்டுக்குடியினரை, ஆணானாலும் பெண்ணானாலும், அப்படித் தீட்டுவது அன்றைய மரபு. அந்தக் கண்கோடும் ஒரே இழுப்பில் போட்டதல்ல. மெல்லிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்தது.

நாகோயாவின் தோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் உள்ள, அந்தச் சுருளின் 'அசுமாயா' காட்சியைப் பாருங்கள். கூரையை நீக்கிவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த அறை. பணிப்பெண் ஒருத்தி ஒரு கதையை வாசிக்கிறாள். கதைமாந்தருள் ஒருத்தியான உகிஃபுனே அதன் படங்களில் ஆழ்ந்திருக்கிறாள். நமக்கு முதுகு காட்டி அமர்ந்த இன்னொரு கதைமாந்தர் நாகாநோகிமிக்குத் தலை வாருகிறார்கள். வாசிப்பதும் கேட்பதும் ஓவியம் பார்ப்பதுமாக இருப்பவர்களைப் பொம்மைகள் என்பது பார்க்காமல் எழுதியது. கென்ஜி கதையை எழுதிய முரசாக்கி ஷிகிபுவே பேரரசி ஷோஷியிடம் பணியாற்றியவர்.  அரசவைப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள் என்பது உண்மைதான். அதைத் தாராளமாக எழுதுங்கள், சான்றாக மூக்கைக் காட்டாதீர்கள்.

பதிப்பாளர்கள் அடுத்த பதிப்பில் தவறான படங்களை நீக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஓவியரின் பெயர் தெரிந்தால் பெயர், காலம், படத்திலிருப்பவர் யார் என்ற விவரம் அச்சாக வேண்டும். இதழ்கள் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடட்டும்; கடைசிப் பக்கத்து மூலையில் அல்ல, தவறான படம் வந்த அதே பக்கத்தில்.