மழை மாதத்து அடுப்பு



கார்த்திகையும் மார்கழியும் வந்து விட்டால் நம் வீடுகளில் வருமானம் குறைகிறது, பசி கூடுகிறது. இதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கிற வடகிழக்குப் பருவமழையில் ஜொகூர், பகாங், திரங்கானு, கிளந்தான் பக்கத்துத் தோட்டங்கள் நனைந்து கிடக்கும். பட்டை ஈரமாக இருந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் விழாமல் பட்டையோடு வழிந்து போய்விடும். செம்பனையில் குலை வெட்டுகிறவர்களுக்கும் சுகமில்லை. லோரி உள்ளே வர முடியாமல் குலைகள் ரோட்டோரத்திலேயே கிடக்கும். துண்டு வேலைக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கும் குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்களுக்கும் மாசக் கடைசியில் கை சுருங்கிப் போகும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025-ல் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. அந்தக் காசு ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கும் முழுசாக வந்து சேரும்படி பார்ப்பது சங்கத்தின் வேலை. வந்த காசு மழை மாதத்தில் எந்தச் சட்டிக்குள் போகிறது என்று கேட்பது இந்தப் பக்கத்தின் வேலை.

காசு குறைந்தவுடன் நாம் முதலில் கை வைப்பது எதில்? டிவிக்குக் கட்டுகிற மாசக் காசிலா? மோட்டார் சைக்கிள் தவணையிலா? இல்லை. அடுப்பில்தான். பெரிய சட்டி கீழே இறங்கிவிடும், பாக்கெட் மீ ஏறிவிடும். (எந்தக் கம்பெனி மீயாக இருந்தாலும் நமக்கு அது மேகி மீதான்!) காலையில் பசியாற பிஸ்கட்டும் டின் பால் தேத்தண்ணியும், மத்தியானம் ஒரு மலை சோறும் மிளகாய்ச் சம்பாலும், ராத்திரி மீ. வெளியே மழை அடிக்கும்போது சுடச்சுட ஆவி பறக்கிற மீக்கு ஒரு சுகம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. குளிரில் நாக்கு சூட்டையும் காரத்தையும் தேடுவது இயற்கை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் ராத்திரிக் குளிரில் இருக்கிறவர்களுக்கு மட்டுமில்லை, நனைந்த சட்டையோடு காட்டிலிருந்து திரும்புகிற எல்லாருக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அந்தச் சுகத்தை மீயில்தான் தேட வேண்டுமா என்பதே என் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 பாக்கெட் கொண்ட ஒரு கட்டு மீ வாங்குகிற காசுக்குப் பெரும்பாலான கடைகளில் அரைக் கிலோ மைசூர் பருப்பு வாங்கலாம், சில்லறையும் மிஞ்சும். உடம்பை வளர்க்கிற புரதச் சத்தைப் பார்த்தால், அந்த 5 பாக்கெட்டில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு அந்த அரைக் கிலோ பருப்பில் இருக்கிறது. உப்பையும் பாருங்கள். ஒரு பெரியவர் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு பாக்கெட் மீயை அதன் தூளோடு முழுசாகக் குடித்தால், பல வகைகளில் அதிலேயே பாதி நாள் உப்பு முடிந்துவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் உள்ள வீட்டில் இது விளையாட்டு இல்லை.

"ஐயா, பருப்பு வேக நேரமாகுது, காஸ் தோம்பு தீர்ந்துடுது" என்று ஒரு தாய் சொல்வது காதில் விழுகிறது. நியாயமான பேச்சு. அதற்காகத்தான் மைசூர் பருப்பைச் சொல்கிறேன். துவரம்பருப்பு மாதிரி அது மணிக்கணக்கில் அடம் பிடிக்காது. ஊற வைக்காமலே 20 நிமிஷத்தில் குழைந்துவிடும். 5 பேர் உள்ள வீட்டுக்குக் கால் கிலோ போதும். மஞ்சள், நாலு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், கிடைக்கிற காய் எதுவோ அது: பூசணியோ கத்தரியோ வெண்டையோ. பருப்பு வெந்த பிறகு உப்பைப் போட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். மிஞ்சினால் சாயங்காலம் அதிலேயே புளித்தண்ணியும் மிளகு சீரகமும் தட்டிப் போட்டால் ரசம். சளி பிடித்த பிள்ளைக்கு ரசம் மருந்தில்லை, சளியை அது விரட்டிவிடாது. ஆனால் சூடான தண்ணி தொண்டைக்கு இதம், அதோடு கொஞ்சம் பருப்பும் உள்ளே போகிறது.

இனி கஞ்சி. கஞ்சி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு, கஷ்டப்பட்டவர் சாப்பாடு என்று நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அதே பச்சைப் பயறு தேங்காய்ப் பாலும் சீனியும் போட்டு 'புபோர்' என்று பாசார் மாலாமில் வந்தால் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள்! நம் வீட்டுப் பயற்றங்கஞ்சியில் சீனி வேண்டியதில்லை. ஒரு கோப்பை அரிசி, அரைக் கோப்பை பச்சைப் பயறு. பயறை முதல் நாள் ராத்திரியே ஊற வையுங்கள். 8 அல்லது 9 கோப்பைத் தண்ணி, ஒரு துண்டு இஞ்சி, ஆறு பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம். நன்றாகக் கொதி வந்து 15 நிமிஷம் ஆனதும் மூடியை அழுத்தி மூடி, அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியோடு ஒரு பழைய கம்பளியிலோ கனமான துணியிலோ சுற்றி ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால் அந்தச் சூட்டிலேயே வெந்திருக்கும். அரை மூடித் தேங்காயின் பாலை ஊற்றி, மறுபடியும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். தொட்டுக்கொள்ள ஒரு துவையல். 5 பேர் வயிறு நிறையும், காஸும் பாதி மிச்சம்.

பருப்பையும் பயறையும் நான் இத்தனை தூரம் பேசுவதற்குக் காரணம் காசு மட்டுமில்லை. 2019-ல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. நம் இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவர்! லயத்து வரிசையில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று தலையை எண்ணிப் பாருங்கள். மழை நாளில் காட்டு வேலையும் இல்லை, நடையும் இல்லை. ஆனால் தட்டில் சோற்று மலை மட்டும் இறங்குவதில்லை. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பருப்பை இரண்டு கரண்டி கூட்டுங்கள். பருப்பும் பயறும் சோற்றைப் போல் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதில்லை, பசியும் சீக்கிரம் திரும்பாது. (சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து எடுக்கிறவர்கள் மட்டும் பருப்பின் அளவைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

"பருப்பு வாயு" என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஊற வைத்த தண்ணியைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணியில் இஞ்சியும் பெருங்காயமும் போட்டு வேக வையுங்கள். முதல் வாரம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழக்குங்கள். வயிறு பழகிக்கொள்ளும்.

கீரைக்கு வருகிறேன். வேலியில் முருங்கை நிற்கிறது, வாய்க்கால் ஓரத்தில் கங்கோங் படர்ந்திருக்கிறது. (சாக்கடைத் தண்ணியும் பூச்சி மருந்தும் படுகிற இடத்தில் பறிக்காதீர்கள்.) மழைக்குக் கீரை ஆகாது என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். மழையில் கீரையில் மண்ணும் புழுவும் கூடுதலாக இருக்கும், அதனால் வந்த பேச்சாக இருக்கலாம். நாலு தண்ணியில் அலசி, நன்றாக வேக வைத்தால் ஒரு தோஷமும் இல்லை. முருங்கைக் கீரையும் பருப்பும் போட்டு, தேங்காய்ப் பால் விட்டுச் சொதி வைத்தால், அந்தக் குளிருக்கு வேறு என்ன வேண்டும்!

இதில் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதே 2019 ஆய்வில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு ரத்தச் சோகை இருந்தது. கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு, ஆனால் அது உடம்பில் சுலபமாகச் சேராது. சாப்பிடும்போது ஒரு எலுமிச்சையையோ லீமாவ் கஸ்தூரியையோ பிழிந்து விட்டால் கூடுதலாகச் சேரும். தேத்தண்ணி இதற்கு நேர் விரோதி. சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து பாதி வழியிலேயே தடைபட்டுப் போகும். தேத்தண்ணியை விட வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இன்னொன்று, சட்டியில் அடி தட்டிய பிறகு மிஞ்சியதைத் தான் சாப்பிடுகிற வழக்கத்தை அம்மாமார்கள் விட வேண்டும். கெட்டியான பருப்பு எல்லார் தட்டுக்கும் போய், வெறும் தண்ணி உங்கள் தட்டுக்கு வந்தால் சத்துணவு பற்றி எழுதி என்ன பிரயோஜனம்? முதலிலேயே ஐந்து பங்காகப் பிரித்து வையுங்கள்.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் கேட்பீர்கள். 1942-லிருந்து 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் தோட்டத்து ஜனங்கள் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அதனால் பல குடும்பங்களில் அதன் பேரைக் கேட்டாலே பெரியவர்களுக்குக் கசப்பு. மழையில் அவித்த கிழங்கும் தேங்காய்ப் பூவும் நல்ல பலகாரம்தான். ஆனால் அதில் புரதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையும், அவ்வளவுதான். தோலை முழுசாகச் சீவி, நன்றாக வேக வைத்து, வெந்த தண்ணியைக் கொட்டிவிடுங்கள். கசக்கிற கிழங்கில் விஷம் உண்டு, தொடாதீர்கள். கூடவே ஒரு துண்டு தெம்பே வறுத்தோ புளிக்குழம்பில் போட்டோ வைத்தால் அது முழுச் சாப்பாடு. நம் வீட்டுப் பெண்கள் பலர் தெம்பேயை இன்னும் 'அவங்க சாப்பாடு' என்று ஒதுக்குகிறார்கள். சோயாவிலிருந்து செய்தது, விலையும் மலிவு, 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம். கோழி வாங்க முடியாத வாரத்தில் இதைவிடச் சிறந்த துணை எனக்குத் தெரியவில்லை.

சைவம் என்றதும் சிலர் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் கடைகளில் 'சைவக் கோழி', 'சைவ மட்டன்' என்று பெட்டியில் குளிர வைத்து விற்கிறார்கள். விரதம் என்பது ஆசையை அடக்கத்தானே? கோழி ருசியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, கோழிக்குக் கொடுக்கிற காசையே அதற்கும் கொடுத்து, கூடுதல் உப்பையும் வாங்கிக்கொள்வது எந்தக் கணக்கு? அப்பளமும் வடையும் உருளைக்கிழங்கு வறுவலுமாக எண்ணெயில் நீந்துகிற சாப்பாடும் பேருக்குத்தான் சைவம். 1 கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கிறது என்பதற்காக அதை ஒரே வாரத்தில் தீர்க்க வேண்டுமென்பதில்லை. வருஷம் முழுவதும் முட்டையும் இல்லாத சுத்த சைவக்காரர்கள் தயிர், மோர், பால் இவற்றில் ஒன்றையாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பி12 என்கிற சத்து செடி கொடிகளிலிருந்து கிடைக்காது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மழைக்குப் பெரட்டில் திருப்பி அனுப்பிவிட்டால் பத்து மணிக்கே வீடு திரும்புகிறீர்கள். "உடம்பு சூடாகணும்" என்று சம்சு போத்தலைத் தேடுகிறவர்களே, அது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு ரத்தம் ஓடி வருவதால் சூடு மாதிரி தெரிகிறது. உள்ளே இருக்கிற சூடு வெளியேறி, உடம்பு இன்னும் குளிர்கிறது. மலிவுப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதும் யாருக்குத் தெரியும்? 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் கலப்பட மது குடித்துப் பலர் செத்துப் போனதை மறந்துவிட்டோமா? அந்தப் போத்தல் காசில் ஒரு வாரப் பருப்பு வரும். வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, உங்கள் மீசையும் உதிர்ந்துவிடாது.

டின் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று கடையில் மலிவாகக் கிடைக்கிற பல டின்களில் இருப்பது முழுப் பால் கூட இல்லை. சீனியும் செம்பனை எண்ணெயும் கலந்த இனிப்புக் கிரீமர்தான். டின் மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். தேத்தண்ணியில் ஒரு கரண்டி விடுவது உங்கள் இஷ்டம். ஆனால் காசு இல்லாத மாதத்தில் குழந்தைக்குப் பால் மாவுக்குப் பதிலாக இதைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. இனிப்பு டின் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா 1939-லேயே சிங்கப்பூரில் மேடையேறிக் கண்டித்தார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். பால் மாவிலேயே வளர்கிற குழந்தையாக இருந்து, மாவு வாங்கக் காசு இல்லையென்றால் கூச்சப்படாமல் கிளினிக் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு குழைய வேக வைத்த பயற்றங்கஞ்சி, பருப்பு, மசித்த கீரை எல்லாம் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன்னே அவர்கள் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்று ராத்திரி வானம் கறுத்திருந்தால் அரைக் கோப்பைப் பயறை ஊற வைத்துவிட்டுப் படுங்கள்.