பச்சையெல்லாம் காடாகா

மரம் நடுவோம், மண்ணைக் காப்போம் என்று எழுதாத மாணாக்கர் நம் பள்ளிகளில் அரியர். அவ்வரிக்கு மதிப்பெண் இடாத ஆசிரியரும் அரியரே. ஆயினும் எம்மரம், எம்மண்ணில், எம்மரங்களின் துணையோடு என்று நாம் கேட்பதுண்டா? அக்கேள்வியின்றி எழுதுவிக்கும் கட்டுரை சொல்லலங்காரமேயன்றிக் கல்வியாகாது.

ஜப்பானியச் சூழலியல் அறிஞர் அகிரா மியாவாக்கி (1928–2021) தம் வாழ்நாளை அக்கேள்விக்கே ஈந்தார். 1958இல் ஜெர்மனி சென்று, ஒரு நிலத்திற்கு இயல்பாக உரிய தாவரக் கூட்டம் எதுவென அறியும் முறையை ரைன்ஹோல்டு தூக்சனிடம் கற்றார். தாயகம் திரும்பியபின், கோயில்களைச் சூழ்ந்து வெட்டப்படாது நின்ற பழஞ்சோலைகளை ஆராய்ந்தார். ஜப்பானின் தாவர வளம்பற்றி 1980 முதல் 1989 வரை பத்துத் தொகுதிகள் வெளியிட்டார். ஆய்வு முன்னே, மண்வெட்டி பின்னே. இதுவே அவர் நெறி.

மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் திரட்டிக் கன்றாக்குவார். பல இனங்களைக் கலந்து நெருக்கமாக நடுவார். வைக்கோலால் நிலத்தை மூடுவார். இரண்டு மூன்று ஆண்டுகள் களை நீக்கியபின் இயற்கையிடமே ஒப்படைப்பார். 1990களின் தொடக்கத்தில் சரவாக்கின் பிந்துலுவில், இன்று புத்ரா பல்கலைக்கழகம் எனப்படும் நிறுவனத்தின் வளாகத்தில் இம்முறை கையாளப்பட்டது. ஜப்பானிய மரங்களையா அங்குக் கொணர்ந்து நட்டார்? இல்லை, மெராந்தி முதலான இம்மண்ணின் மரங்களையே நட்டார்.

எம்மரமாயினும் பச்சைதானே, நிழல்தானே என்பர் சிலர். ரப்பரும் பச்சையே, அது பிரேசில் நாட்டு மரம். செம்பனையும் பச்சையே, அது மேற்கு ஆப்பிரிக்காவினது. ஓரின மரங்கள் வரிசை பிடித்து நிற்குமிடம் தோட்டம், காடன்று. நம் முன்னோர் காட்டை அழித்து ரப்பர் நட்டது வயிற்றுப்பாட்டிற்காக. அவர்களைப் பழிப்பார் யார்? ஆனால், தோட்டத்திலே பிறந்து வளர்ந்த சமுதாயம் அதனையே காடென மயங்கலாமா?

இஃது அறிவியலாசிரியர் வேலை, தமிழாசிரியருக்கு இதில் என்ன என்பாரும் உளர். குறிஞ்சி, முல்லை, மருதம் என நிலத்தையே தாவரத்தின் பெயரால் அறிந்த மொழி நம்முடையது. ஐந்திணையை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணவன், பள்ளி வேலிக்கு அப்பால் நிற்கும் ஐந்து மரங்களின் பெயரை அறியானாயின், குறை அவனுடையதா, நம்முடையதா?

அடுத்த மரம் நடுவிழாவிற்குச் சிறப்பு விருந்தினரைத் தேடுமுன், நம் வட்டாரத்திற்குரிய பத்து மரங்களை மாணாக்கர் தேடிக் கண்டறியட்டும். அவற்றின் பெயரும் இயல்பும் தமிழில் எழுதப்படட்டும். அதன்பின் குழி தோண்டுவோம்.