பால் பல்லில் இடைவெளி: குறையல்ல, கொடை

சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கையில், ஒரு தாயார் தமது நாலு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். “டொக்டர், இவனுக்குப் பல்லெல்லாம் எட்ட எட்ட முளைச்சிருக்கு. வளர்ந்த பிறகும் இப்பிடித்தான் இருக்குமோ?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு தாயார், தம் மகளின் பற்கள் முத்துக் கோத்தாற்போல் நெருக்கமாக இருப்பதைக் காட்டி மகிழ்ந்தார். உண்மையில் நான் கவனிக்க விரும்பியது அந்த இரண்டாவது பிள்ளையைத்தான்.

காரணத்தை நம் வீட்டுச் சடங்கைக் கொண்டே விளக்கலாம். பல்லுக் கொழுக்கட்டை அவிக்கும்போது, ஓரத்தில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லைப்போல் பதிக்கிறோம் அல்லவா? சின்னச் சொட்டுகளை இடைவிடாமல் பதித்த கொழுக்கட்டையில், அவற்றை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் பெரிய சொட்டுகளைப் பதித்துப் பாருங்கள். இடம் போதாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

பிள்ளையின் வாயிலும் இதுதான் நடக்கிறது. பால் பற்கள் 20. ஆறு வயதளவில் முன்பற்கள் விழத் தொடங்கும். மேல்வரிசையில் புதிதாக வரும் நான்கு வெட்டும்பற்களின் மொத்த அகலம், விழுந்த நான்கையும்விட ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் கூடுதலானது. கீழ்வரிசையில் இது 5 அல்லது 6 மில்லிமீற்றர். தாடை சற்று அகன்றும், புதிய பற்கள் கொஞ்சம் முன்சாய்ந்து முளைத்தும் இந்தக் குறையில் ஒரு பங்கை ஈடுசெய்யும். மீதி இடம் பால் பற்களின் இடைவெளியிலிருந்தே வரவேண்டும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த லெய்ற்றன் என்னும் பல் வைத்தியர் ஒரு கணக்குத் தந்திருக்கிறார். பால் பல் வரிசையில் மொத்த இடைவெளி 6 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பின்னர் நெருக்கம் வருவதில்லை. 3 முதல் 6 வரை என்றால் ஐவரில் ஒருவருக்கு வரும். 3க்குக் குறைந்தால் இருவரில் ஒருவருக்கு. இடைவெளியே இல்லாவிட்டால் மூவரில் இருவருக்கு வரும். ஆகவே இடைவெளியில்லாத பிள்ளைக்குக் கோணற்பல் நிச்சயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையை விழிப்போடு பார்க்கவேண்டும்.

“விழுகிற பல்தானே, சூத்தை பிடித்தால் என்ன?” என்று பலர் சொல்லக் கேட்கிறேன். இதுதான் பெருந்தவறு. பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பதினொரு வயதுவரை தம் இடத்தைக் காத்து நிற்கவேண்டியவை. அவற்றைச் சூத்தையால் முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பின்னால் நிற்கும் பல் முன்னே நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து வரும் பல்லுக்கு வழியிராது. இடைவெளி தாராளமாக இருந்த பிள்ளைக்கும் இந்த நட்டம் நேரலாம்.

இன்னொன்று. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால் பல் என்றெண்ணிச் சிலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதற்குமான பல். போனால் வேறு வராது.

ஏழு, எட்டு வயதில் மேல்முன்பற்கள் நடுவே இடைவெளி தெரிந்தாலும் பதற வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேட்டைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் அது தானே மூடிவிடும்.

தாய்மாரே, படுக்குமுன் பல் துலக்குவதைப் பிள்ளையிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏழு வயதுவரையாவது கூட நின்று உதவுங்கள். துலக்கிய பின் பாற்போத்தலோ இனிப்போ கொடுக்கவேண்டாம். இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தேசிய சுகாதார சேவையில் பல் வைத்தியம் இலவசம். நோவு வரும்வரை காத்திராமல் ஒழுங்காகக் காட்டுங்கள்.

ஊரில் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்தோம். இங்கே பிள்ளைகள் தலையணைக்கடியில் வைக்கிறார்கள். எங்கே வைத்தாலும், அது தன் காலம் முடிந்து விழுந்த பல்லாக இருக்கட்டும்.